மரத்துக்குப் பார்த்த வைத்தியம்

என் தங்கக் கண்ணுக்கு,

அப்பா எழுதறேன். "அதான் போன் இருக்குதே, இந்த அப்பாவுக்கு இன்னா ஆச்சு, கடுதாசி எல்லாம் எழுதறாரு"ன்னு நீ நினைப்பே. போனும் பண்ணேன் கண்ணு. முந்தாநாள் சாயந்திரம் ஒரு தரம், நேத்து காலைல ஒரு தரம், நேத்து மத்தியானம் நீ கம்பெனி கேன்டீன்ல சாப்ட்டுகினு இருந்தப்ப ஒரு தரம். மூணு தடவையும் "சாப்டியா"ன்னு கேட்டேன், "அங்க மழையா"ன்னு கேட்டேன், வெச்சிட்டேன். மூணாவது தடவை நீயே சிரிச்சிட்டே. "இன்னாப்பா, ஸ்ரீபெரும்புதூர் மழையைப் பத்தி நியூஸ் வாசிக்கப் போறியா"ன்னு கேட்டே. பக்கத்துல உக்காந்திருந்த உங்கம்மா தலையில அடிச்சிகினா. நான் வாயில்லாத ஆளா சொல்லு? நெசவாளர் சங்கக் கூட்டத்துல மைக்கைப் புடுங்கிப் பேசினவன். ஆரணி பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர்கிட்ட நான் போட்ட சண்டையை வேடிக்கை பாக்க ரெண்டு பஸ் நின்னுச்சு. அப்பிடிப்பட்டவனுக்குப் பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை வாயில வர மாட்டேங்குது. அதான் பேனாவை எடுத்தேன். மார்ல கட்டி. அந்த வார்த்தைதான். எழுதிட்டேன் பாரு.

முதல்ல, உங்கம்மா மேல கோவப்படாதே. கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கேக்கத்தான் அவ உனக்கு போன் பண்ணா. அளவு சொல்லிகினே இருந்தவ, கம்பெனியில லேடி டாக்டர் வந்து பொண்ணுங்களுக்கு எல்லாம் மார்ல எப்பிடி தடவிப் பாத்துக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்கன்னும், அன்னிக்கு ராத்திரியே நீ பாத்தப்ப வலது பக்கம் ஒரு மொச்சைக்கொட்டை அளவு தட்டுச்சுன்னும் சொல்லிட்டே. "கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே"ன்னும் சொன்னியாம். உங்கம்மாவும் "சத்தியமா சொல்ல மாட்டேன்"னு சொல்லி போனை வெச்சா. வெச்ச கையோட திரும்பி என்கிட்ட சொல்லிட்டா. அடுப்புல வெச்ச டீ கூடப் பொங்கல. உங்கம்மாகிட்ட ரகசியம் சொல்றதும் கோயில் மைக்ல சொல்றதும் ஒண்ணுதான், இருவத்தி மூணு வருஷமா அவ வளத்த பொண்ணு உனக்கு அது தெரியாதா?

நீ சொன்னதுல எல்லாத்தையும் நான் பொறுத்துக்கினேன் கண்ணு. பொறுத்துக்க முடியாதது ஒண்ணே ஒண்ணு. "யூனிஃபார்ம் டைட்டா இருக்குதும்மா, அது உரசி உரசித்தான் வந்திருக்கும். வேற சைஸ் கேட்டிருக்கேன்"னு சொன்னே பாரு. அதைக் கேட்டதும் எனக்கு முதுகெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. ஏன்னா அந்த மாதிரி ஒரு வார்த்தையை இந்த வீட்டுல இதுக்கு முன்னாடி ஒருத்தன் சொல்லியிருக்கான். அந்த முட்டாள் நான்தான். அந்தக் கதையை உனக்கு நாங்க முழுசா சொன்னதே இல்ல. உங்கம்மாவுக்கு வந்தது தெரியும், ஆபரேஷன் ஆனது தெரியும். அதுக்கு முன்னாடி அஞ்சு மாசம் நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்னு உனக்குத் தெரியாது. இன்னிக்கு சொல்லிடறேன்.

தொண்ணூத்தி ஆறுல, உனக்குப் பன்னெண்டு வயசு. ஆடி முடிஞ்சு முகூர்த்தப் புடவை ஆர்டர் குவிஞ்சு கெடந்துச்சு. ரெண்டு தறியும் நிக்காம ஓடிகினு இருந்துச்சு. ஒரு நாள் காலைல உங்கம்மா ஊடு நூல் ஓட்டற நாடாவை வெச்சிட்டு, "ஏங்க, இடது பக்கம் மார்ல கடலைக்கொட்டை மாதிரி ஒண்ணு கையில தட்டுது. வலியெல்லாம் இல்ல"ன்னா. நான் ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஒரே ஒரு நிமிஷம். நெய்த துணியைச் சுருட்டிக்கற படமரம் நெய்யறவங்க முன்னாடி குறுக்க கெடக்கும் இல்ல, அதைப் பாத்தேன். இழை அறுந்தா அது மேல கவுந்துதான் எட்டிப் பிணைக்கணும். உங்கம்மா குள்ளம். (இதை எழுதறப்ப எட்டிப் பாத்துட்டு முதுகுல ஒண்ணு வெச்சா.) அவ எட்டினா மரம் நேரா வந்து நெஞ்சுல முட்டும். எனக்குப் பளிச்சுனு வெளங்கிடுச்சு. "இன்னாமே இது, மரம் இடிச்சு வந்த கட்டி. இதுக்குப் போயி பயந்துகினு"ன்னேன். அவளும் "ஆமா, அப்பிடித்தான் இருக்கும்"னா. நெசவு பண்ற எங்களுக்கு ஒடம்புல எது வந்தாலும் தறிதான் காரணம். முட்டி வலிச்சா தறி, முதுகு புடிச்சா தறி, கண்ணு மங்கினா ஜரிகை. அந்தக் கணக்குல இதையும் சேத்துட்டேன்.

அதோட விட்டேனா? வைத்தியம் பாத்தேன் கண்ணு, பிரமாதமா பாத்தேன். தறியில இருந்த புடவையை முடிச்சு அறுத்து எடுத்ததும் தச்சர் வீட்டுல இழைப்புளி வாங்கியாந்து படமரத்தோட முனையெல்லாம் மழுங்கற வரைக்கும் இழைச்சேன். பழைய கம்பளியைக் கிழிச்சு, நெஞ்சு படற எடத்துக்கு மெத்தை மாதிரி தெச்சு மாட்டினேன். அவ உக்கார்ற பலகையை நாலு விரக்கடை ஒசத்தினேன். பண்ணிட்டு வாசல்ல நின்னு மார் தட்டிகினேன். தெருவுல நாலு பேர் வந்து பாத்தாங்க. "அட, நல்ல யோசனையா இருக்குதே"ன்னு அவங்கவங்க வீட்டுத் தறிக்கும் கம்பளி சுத்திகினாங்க. ஒரு மாசம் நான்தான் தெருவுல பெரிய இன்ஜினீயர். உங்கம்மாவும் "சொகமா இருக்குதுங்க"ன்னுதான் சொன்னா. நெய்யறதுக்கு சொகமாத்தான் இருந்துச்சு. கட்டிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு வளந்துகினு இருந்துச்சு. கார்த்திகையில இன்னும் கொஞ்சம் பெருசா தட்டுதுன்னா. நான் இன்னா பண்ணேன்? மறுபடியும் போயி இழைப்புளியை வாங்கியாந்தேன்.

பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப அவ தறியை விட்டு எழுந்து வந்து என் முன்னாடி நின்னா. "இதோ பாருங்க, மரத்துக்குப் பாத்த வைத்தியம் போதும். எனக்குப் பாருங்க"ன்னா. கோவமா கூட சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னா. எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. அடுத்த நாளே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். அங்க இருந்த லேடி டாக்டரம்மா கையை வெச்சுப் பாத்தாங்க. அக்குள் பக்கமும் அமுக்கிப் பாத்தாங்க. என் பக்கம் திரும்பி, "எத்தினி நாளா இருக்கு? இவ்வளோ நாள் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"ன்னாங்க. என் வாயில உண்மைதான் வந்துச்சு. "இழைச்சிகினு இருந்தேம்மா"ன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல. உங்கம்மாவுக்குப் புரிஞ்சுது. அந்த எடத்துலயும் அவளுக்கு சிரிப்பு வந்துடுச்சு, முந்தானையால வாயைப் பொத்திகினா. நான் வெளிய வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதேன் கண்ணு. அப்பிடி ஒரு அழுகை என் ஆயுசுல அழுதது இல்ல. அஞ்சு மாசம். முன்னாடியே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், மாரை எடுக்க வேண்டி வந்திருக்காதுன்னு அந்தம்மா பொறவு பொறுமையா சொன்னாங்க. திட்டியிருந்தா கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

ஆபரேஷன், ஊசி மருந்து, கரண்ட் வெக்கறதுன்னு அந்த வருஷம் பூரா ஒரே பேஜாரு. உன்கிட்ட இன்னா சொன்னோம்? "அம்மா தேசூர்ல சித்தி வீட்டுக்குப் போயிருக்கா"ன்னு சொன்னோம். நீ ஒரு வாரம் நம்பினே. எட்டாவது நாள் வேலூர்ல இருந்து நாங்க வந்து எறங்கினதும் உங்கம்மாவை ஏற எறங்கப் பாத்துட்டு, "சித்தி வீட்டுக்குப் போயிட்டு வந்தா சித்தியைத் திட்டிகினேதானே வருவே, இந்த தடவை ஒண்ணுமே திட்டலையே"ன்னு கேட்டே. பன்னெண்டு வயசுப் பொண்ணு போலீஸ்காரி மாதிரி கேட்டே. அப்பவும் நாங்க ஒடைச்சு சொல்லல. அம்மாவுக்கு ஊசி மருந்து ஏத்தி முடி கொட்டினப்பறம்தான் பாதி சொன்னோம். "பொம்பளைப் புள்ளை, அதுகிட்ட இதெல்லாம் எதுக்கு"ன்னு நான்தான் சொன்னேன். இன்னிக்கு நீ "அப்பாகிட்ட சொல்லாதே"ங்கறேன்னா, மறைக்கறதுக்கு உனக்குக் கத்துக் குடுத்தது நாங்கதான். அந்தத் தப்பு என்னுது, அதுக்கு உன்னைக் கோவிச்சுக்க எனக்கு மொகம் இல்ல.

சரி, அழுகை போதும். சிரிக்கற விஷயமும் இருக்குது, அதையும் இன்னிக்கே சொல்லிடறேன், உங்கம்மா அனுமதி குடுத்துட்டா. ஆபரேஷன் ஆனப்பறம் ஜாக்கெட் ஒரு பக்கம் தொளதொளன்னு நின்னுச்சு. அதுக்கு உள்ள வெச்சிக்கறதுக்குன்னே கடையில விக்கறது எங்க கெடைக்கும்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. "பட்டு நம்மகிட்ட இருக்குது, துணி நம்மகிட்ட இருக்குது, இதுக்கு எவன்கிட்ட போகணும்"னு நானே எறங்கினேன். கழிவுப் பட்டு நூலை எல்லாம் சுருட்டி உள்ள அடைச்சு, மேல மெல்லுசு துணி போட்டு ஒரு திண்டு தெச்சேன். முதல்ல தெச்சது தலகாணி மாதிரி வந்துச்சு. ரெண்டாவது எலுமிச்சங்காய் மாதிரி ஆச்சு. அப்பறம் ஜரிகை நிறுக்கற தராசை எடுத்து வெச்சிகினு, எடை எல்லாம் பாத்து, மூணாவது தெச்சேன் பாரு, அச்சு அசல்! அதைப் போட்டுகினு கலசப்பாக்கத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில உங்கம்மா குனிஞ்சு எலைக்குத் தண்ணி தெளிக்கறா, திண்டு நழுவி தோள்பட்டைக்குப் போயிடுச்சு. எதிர்ல இருந்தவங்க "இன்னா அக்கா, தோள்ல இன்னா வீக்கம்"ங்கறாங்க. இவ கொஞ்சம் கூட அசராம, "அது என் வீட்டுக்காரர், எங்க போனாலும் தோள்ல ஏறிக்குவாரு"ன்னா. பந்தியே சிரிச்சுது. வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் கதவை சாத்திகினு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். அந்த வருஷத்துல நான் முதல் தடவையா வயிறு வலிக்க சிரிச்சது அன்னிக்குத்தான். அவ இருக்கா, சத்தம் போடறா, என்னைக் கிண்டல் பண்றா, எனக்கு வேற இன்னா வேணும்னு அன்னிக்குத் தோணுச்சு. இன்னிக்கும் அதேதான்.

அப்பறம் அவ சும்மா இருந்தாளா? அமாவாசைக்குத் தறி ஓடாது இல்ல, அன்னிக்குத் தெருவுல எல்லாப் பொம்பளைங்களும் கொஞ்சம் ஓய்வா இருப்பாங்க. அவங்களை உள்ள கூட்டி வெச்சு, ஆம்பளைங்களையும், சின்னப் பொண்ணுன்னு உன்னையும் வெளிய துரத்திட்டுப் பேச ஆரம்பிச்சா. "தறியைத் தொடைச்சு எண்ணெய் போடறீங்களே, உங்களைப் பாத்துக்கறீங்களா?"ன்னுதான் ஆரம்பிப்பா. நான் வாசல்ல உக்காந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். தீட்டு நின்னு போனவங்க மாசத்துல ஒரு நாளைக் குறிச்சு வெச்சிக்கலாம், அவங்களுக்கு அமாவாசை சரி. உன்னாட்டம் வயசுப் பொண்ணுங்க மாசாமாசம் அந்த நாலு நாள் முடிஞ்சு சில நாள் கழிச்சுப் பாக்கணும், அப்பத்தான் கனம், வலி எல்லாம் எறங்கி இருக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு கையைத் தூக்கியும் பாக்கணும், எறக்கியும் பாக்கணும். தோல் எங்கனா உள்ள இழுத்துகினு இருக்குதா, காம்பு திரும்பிக்கிச்சா, ஏதாவது கசியுதா. அப்பறம் படுத்துகினு மூணு விரலைப் படிய வெச்சு, வட்டம் வட்டமா, ஒரு எடம் விடாம, அக்குள் வரைக்கும். கிள்ளிப் பாக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத முடிச்சை விரல் வெச்சு கண்டுபுடிக்கற நெசவுக்காரி வீட்டுப் பொண்ணுங்க நாம, நமக்கா சொல்லிக் குடுக்கணும்னு அவ கேக்கறப்ப எல்லாரும் சிரிப்பாங்க. கடைசியா அவ சொல்றது ஒண்ணு இருக்குது. "விரல் தேடத்தான், தீர்ப்பு சொல்ல இல்ல. ஒண்ணு தட்டுச்சுன்னா, அது ஏன் வந்துச்சுன்னு நீயே ஒரு காரணம் கட்டாதே, எழுந்து போயி காட்டு"ன்னுவா. அப்பிடி சொல்றப்ப ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பி என்னைப் பாப்பா. நான் தலையைக் குனிஞ்சுக்குவேன்.

நீ தேடினே, கண்டுபுடிச்சே. அதுக்கே உன்னைத் தூக்கி வெச்சிகினு ஆடணும் போல இருக்குது. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கும் இல்லாத புத்தி அது. ஆனா கட்டின காரணம் மட்டும் அப்பன் புத்தி. வயசுப் பொண்ணுங்களுக்கு வர்ற கட்டி முக்காவாசி கெட்டது இல்லன்னு அந்த வேலூர் டாக்டரம்மாவே உங்கம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. பால்கட்டி, கொழுப்புக்கட்டி, உருண்டையா ஓடற கட்டின்னு ஆயிரம் இருக்குதாம். உன்னுதும் அப்பிடித்தான் இருக்கும். ஆனா அதை நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். பாத்துட்டு அவங்க சொல்லட்டும். ஒருவேளை வேற மாதிரின்னாலும் மொச்சைக்கொட்டை அளவுலயே புடிச்சிட்டோம். அஞ்சு மாசம் கழிச்சுப் போனவளே பதினோரு வருஷமா என்னை இந்த அதட்டு அதட்டிகினு இருக்கான்னா, நீ எங்களை எத்தினி வருஷம் அதட்டுவே!

உன் பயம் எனக்குத் தெரியும். தை பொறந்தா கல்யாணம், இந்த நேரத்துல ஆஸ்பத்திரி, கட்டின்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆகும்னுதானே? நான் உங்கம்மாகிட்ட இதையே கேட்டேன். அவ யோசிக்கவே இல்ல. "அவங்க வேணாம்னு போனா புடவையை வேற முகூர்த்தத்துக்குக் குடுத்துடலாம். ஆரணிப் பட்டுக்கு ஆளா கெடைக்காது? நம்ம பொண்ணுக்கு பதிலா வேற பொண்ணு கெடைக்குமா?"ன்னா. இன்னொண்ணும் சொல்றேன். மாப்பிள்ளைப் பையன் போன மாசம் இங்க வந்தப்ப, தறியைச் சுத்தி சுத்திப் பாத்துட்டு, "இந்தப் படமரம் ஏன் மாமா இவ்வளோ எளைச்சிருக்குது"ன்னு கேட்டான். மோட்டார் ரிப்பேர் கடைக்காரன் ஆச்சே, தேஞ்ச எடத்துலதான் கண்ணு போகும். நான் மழுப்பிட்டேன். உங்கம்மா மழுப்பல. அஞ்சு மாசக் கதையையும் அவன்கிட்ட அவ சொல்லிட்டா. போறப்ப அவ கால்ல விழுந்து கும்புட்டுட்டு, "அத்தை, நீங்க இருந்து கல்யாணத்தை நடத்தணும்னுதான் சாமி உங்களை விட்டு வெச்சிருக்குது"ன்னுட்டுப் போனான். அவன் இதுக்கு ஓடற ஆள் மாதிரி எனக்குத் தோணல. ஆனா அவனுக்கு எப்ப, எப்பிடி சொல்லணுங்கறது உன் இஷ்டம். நாங்க வாயைத் தொறக்க மாட்டோம். உங்கம்மாவையும் நான் பாத்துக்கறேன், கஷ்டந்தான்.

உன் முகூர்த்தப் புடவை அதே தறியிலதான் இருக்குது. அரக்குல மாம்பழக் கலர் கரை. ஒடம்பு முழுக்க முடிஞ்சு, எளைச்சுப் போன அந்த மரத்துலயே சுருண்டு கெடக்குது. முந்தானை மட்டும் பாக்கி. நேத்து மத்தியானம் போனை வெச்சப்பறம் தறியில உக்காந்தேன். நாடாவை எடுத்தேன், கை ஓடல. பாவி, அன்னிக்கும் இப்பிடித்தானே பொண்டாட்டியை விட்டுட்டு மரத்தைப் பாத்துகினு உக்காந்திருந்தேன்னு தோணுச்சு. எழுந்துட்டேன். முந்தானை காத்திருக்கும். பட்டு ஒண்ணும் ஊசிப் போயிடாது.

இந்தக் கடுதாசியை தபால்ல போட்டா உன் கைக்கு வர மூணு நாள் ஆகும். அஞ்சு மாசம் தூங்கினவன் இன்னும் மூணு நாள் தூங்க மாட்டேன். அதனால தபால்ல போடல. நாளைக்கு முதல் பஸ்ல நானே எடுத்துகினு வரேன். உன் ஷிஃப்ட் முடிஞ்சு ஹாஸ்டலுக்கு வர்றப்ப கேட் கிட்ட நின்னு கையில குடுத்துட்டு, ஒண்ணும் பேசாம திரும்பி நடந்துடுவேன். நேர்ல நின்னா மறுபடியும் மழையைப் பத்தித்தான் கேப்பேன், அதனாலதான். தப்பா நினைக்காதே. நாளன்னிக்குக் காலைல வேலூர் டாக்டரம்மாவைப் பாக்க உங்கம்மா சொல்லி வெச்சிட்டா. அங்கேயே ரோட்டுல நின்னா வேலூர் பஸ் கெடைக்கும். ராத்திரி அங்க தங்கிக்கலாம். கம்பெனியில ரெண்டு நாள் லீவு மட்டும் சொல்லிடு.

படிச்சு முடிச்சிட்டியா? இப்ப தலையை நிமித்தி ரோட்டுக்கு அந்தாண்ட பாரு. டீக்கடை பெஞ்சுல உக்காந்துகினு இருக்கறது நான்தான். பக்கத்துல பச்சைப் புடவையில, மடியில சாப்பாட்டுத் தூக்கு வெச்சிகினு, என்னை எதுக்கோ திட்டிகினு இருக்கறது உங்கம்மா. மூணு டீ சொல்லியிருக்கோம். ஆறிடப் போகுது, ஜல்தி வா.

உன் அப்பா